முதல் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தல்: அமெரிக்காவில் குடியிருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் நிலையாகக் குடியேறி, வீட்டுப் பாதுகாப்புக்காகவோ உடையின் கீழ் மறைத்து அன்றாடம் எடுத்துச் செல்வதற்காகவோ முதல் கைத்துப்பாக்கியை வாங்க எண்ணும் தமிழர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். டெக்சஸில் புதியவர்களோடு கடைக்கும் சுடும் பயிற்சிக்கூடத்துக்கும் சென்று உதவி வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது எந்தத் துப்பாக்கி என்பதில் அன்று, எதை எப்போது செய்வது என்ற வரிசையில்தான். துப்பாக்கியை முதலில் வாங்கிவிட்டு, பெட்டகத்தையும் பயிற்சியையும் உறையையும் சட்டத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் விபத்துகளும் வழக்குகளும் நேர்கின்றன.

ஆகவே இங்கே துப்பாக்கியின் தேர்வு பாதி வழியில்தான் வரும். முன்னால் இருக்கும் படிகளைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். எடுத்துக்காட்டுகள் டெக்சஸைச் சார்ந்தவை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு படியிலும் தங்கள் மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. குடியேற்ற நிலையை முதலில் உறுதிசெய்யுங்கள்

நம்மவர்களுக்கு இதுவே முதற்படி. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, பி-2 போன்ற தற்காலிக விசாக்களில் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் இந்தத் தடை நீங்காது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் சட்டத்தில் உள்ளன. ஆனால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் அவற்றை நம்பி இறங்கக் கூடாது.

சொந்தமாக வாங்குவதுதான் குற்றம், நண்பருடைய துப்பாக்கியைப் பயிற்சிக்கூடத்தில் ஒருமுறை சுட்டுப் பார்ப்பதில் தவறில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் தடுப்பது வாங்குவதை மட்டுமன்று, வசம் வைத்திருப்பதையும்தான். வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் அதற்குள் வரும். துப்பாக்கி தொடர்பான குற்றத் தீர்ப்பு நாடு கடத்தலுக்கே காரணமாகலாம் என்பதால், வார இறுதி உல்லாசமாக இதை எண்ண வேண்டாம்.

கிரீன் கார்டு உள்ளவர்களும் குடியுரிமை பெற்றவர்களும், வேறு தடை எதுவும் இல்லையென்றால், வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வாங்கும்போது நிரப்ப வேண்டிய 4473 எனும் படிவம் குற்றப் பின்னணி, குடும்ப வன்முறைத் தீர்ப்பு, போதைப்பொருள் பயன்பாடு ஆகியவற்றையும் கேட்கும். உங்கள் மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அதை ஏற்கவில்லை என்று அந்தப் படிவத்திலேயே எச்சரிக்கை உள்ளது. அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

2. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியலிடுங்கள்

கணவர் எச்-1பியில் இருக்கிறார், மனைவி குடியுரிமை பெற்றவர் என்று வைத்துக்கொள்வோம். மனைவி வாங்கலாம். ஆனால் துப்பாக்கி கணவருடைய கைக்கும் எட்டும்படி இருந்தால், அது அவர் வசம் இருந்ததாகவே வழக்குத் தொடரப்பட வாய்ப்புண்டு. பெட்டகத்தின் எண் வாங்கியவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். இத்தகைய குடும்பங்கள் வாங்குவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் பேசுவது நல்லது.

ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் பட்டியலில் சேருங்கள். அவர்களும் தற்காலிக விசாவில் இருப்பவர்கள்தாம். அலமாரியை ஒழுங்குபடுத்தும் பழக்கமுள்ள அம்மா, துணிகளுக்கு அடியில் கனமாக ஒன்று இருப்பதைக் கண்டு எடுத்து வேறிடத்தில் வைப்பார். அந்த ஒரு செயலில் விபத்துக்கான வாய்ப்பும் சட்டச் சிக்கலும் சேர்ந்தே இருக்கின்றன. வீட்டில் ஒரு பொருளை ஒளித்து வைப்பதும் பூட்டி வைப்பதும் ஒன்றல்ல.

டெக்சஸில், குண்டு நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி விடுவது குற்றம். உங்கள் பிள்ளைகள் மட்டுமல்லர், பிறந்தநாள் விருந்துக்கு வந்து மாடியெங்கும் ஓடி விளையாடும் பிள்ளைகளும் இதில் அடக்கம்.

வெளிப்படையாகப் பேச வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாருக்கேனும் மனச்சோர்வு இருந்தாலோ, வேலையிழப்பாலோ மணமுறிவாலோ ஒருவர் நொறுங்கியிருந்தாலோ, இப்போது வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால், அந்தக் காலம் கடக்கும்வரை அதை வீட்டுக்கு வெளியே சட்டப்படி பாதுகாப்பாக வைக்க ஏற்பாடு செய்யுங்கள். உதவிக்கு 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். நம் குடும்பங்களில் இதைப் பேசத் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தை இந்த ஒரு முடிவுக்குள் கொண்டுவரக் கூடாது.

3. பெட்டகத்தை முதலில் வாங்குங்கள்

துப்பாக்கி வீட்டுக்கு வரும் முதல் இரவில் அதற்குப் பூட்டிய இடம் இருந்தாக வேண்டும். கடையிலிருந்து வந்த பெட்டியோடு மெத்தைக்கு அடியிலோ பீரோவின் மேல்தட்டிலோ வைப்பதுதான் நான் அடிக்கடி காணும் முதல் பிழை. பெட்டகம் அடுத்த வாரம் வரும் என்பார்கள். அந்த ஒரு வாரம் யாருடைய பொறுப்பு?

படுக்கையருகில் விரைவாகத் திறக்கும் சிறு பெட்டகம் வேண்டும். எண் பொத்தான்களால் திறப்பது நல்லது. விரல்ரேகையை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் வியர்வையிலும் மருதாணி இட்ட விரலிலும் அது சில நேரம் அடையாளம் காணத் தவறும். மின்கலத்தில் இயங்குவதானால் ஆண்டுக்கொரு முறை நாள் குறித்து மின்கலத்தை மாற்றுங்கள். மின்கலமே தேவைப்படாத, பொத்தான்களை அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டுகளும் கிடைக்கின்றன.

பெட்டகத்தைச் சுவரிலோ கனமான மரச்சட்டத்திலோ திருகாணியால் பிணையுங்கள். பிணைக்காத சிறு பெட்டகத்தைத் திருடன் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவான். காரிலும் துப்பாக்கியை விட்டுச் செல்ல நேரும் என்றால், இருக்கைச் சட்டத்தோடு கம்பிவடத்தால் கட்டும் சிறு பெட்டகம் ஒன்று தனியாக வேண்டும். முன்பக்கக் கையுறைப் பெட்டி ஒருபோதும் பெட்டகம் ஆகாது.

4. பயிற்சி வகுப்பை முடியுங்கள்

துப்பாக்கி சொந்தமாக இல்லாமலே தொடக்கநிலை வகுப்பில் சேரலாம். பெரும்பாலான வகுப்புகளில் வாடகைக்குத் தருவார்கள். வகுப்புக்கு முன்பு கடைக்குப் போனால், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் விற்பவர் எடுத்துக் காட்டுவதையே வாங்கி வருவீர்கள்.

நான்கு விதிகள் உடம்பில் ஊற வேண்டும். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருத வேண்டும். அழிக்க மனமில்லாத எதன் பக்கமும் அதன் வாயைத் திருப்பக் கூடாது. சுட முடிவெடுக்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு விதி தவறும்போது மற்றவை காக்கும் வகையில் இவை அமைந்திருப்பதால், நான்கையும் சேர்த்தே பழக வேண்டும்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து வேறு தடையில்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். இருந்தும் எல்.டி.சி. என்று இங்கே சொல்லப்படும் உரிமத்தைப் பெறுங்கள் என்றே சொல்வேன். பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. புறநகரில் எந்தத் தெருவில் காரை ஓட்டினாலும் ஏதாவதொரு பள்ளியின் 1,000 அடிக்குள் நுழையாமல் இருக்க முடியாது. உரிமத்துக்கான சுடும் தேர்வு எளியது: 3, 7, 15 கஜத் தொலைவுகளில் 50 தோட்டாக்கள், 250 புள்ளிகளுக்கு 175 போதும். தேர்ச்சி பெற்றதைத் திறமைக்குச் சான்றாக எண்ணிவிட வேண்டாம்.

5. வேலை என்னவென்று தீர்மானியுங்கள்

வீட்டில் மட்டும் இருக்கப்போகும் துப்பாக்கிக்கு எடையும் அளவும் குறையல்ல. கனமானது பின்னுதைப்பை விழுங்கிக்கொள்ளும். நீண்ட குழல் குறிபார்ப்பை எளிதாக்கும். பெரிய பிடியில் இரு கைகளும் முழுமையாகப் படியும். உடலோடு எடுத்துச் செல்வதற்கு இதற்கு நேர்மாறான அளவு வேண்டும், ஏனென்றால் கனத்தால் வீட்டிலேயே விட்டுச் செல்லும் துப்பாக்கி வெளியில் உதவாது.

ஒரே துப்பாக்கியால் இரண்டையும் செய்ய நினைப்பவர்களுக்கு நடுத்தர அளவே பொருந்தும். கிளாக் 19 இந்த அளவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 4 அங்குலக் குழல், 15 தோட்டாக்கள் அடங்கும் மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு), காலி மேகசினோடு ஏறத்தாழ 670 கிராம். இதைவிடச் சிறியதான சிக் பி365 ஏறத்தாழ 500 கிராம், அடிப்படை மேகசினில் 10 தோட்டாக்கள். மறைப்பது எளிது, கட்டுப்படுத்துவது சற்றுக் கடினம்.

சிறியதை முதலில் வாங்குவது மிகப் பரவலான பிழை. கையில் அழகாக அடங்குவதால் தொடக்கநிலையாளருக்கு அதுவே எளிது என்று தோன்றுகிறது. உண்மையில் சிறு துப்பாக்கிகள் தேர்ந்தவர்களுக்கே கீழ்ப்படியும். முதலில் நடுத்தர அளவில் பழகி, தேவையென்றால் பிறகு சிறியதற்கு இறங்குவதே சரியான வரிசை.

6. வகையையும் தோட்டா அளவையும் முடிவு செய்யுங்கள்

இதில் நெடுநேரம் செலவிட வேண்டாம். பிஸ்டல் (மேகசினிலிருந்து தோட்டா தானாக ஏறும் வகை), 9 மி.மீ. என்ற முடிவோடு தொடங்குங்கள். விலகுவதற்கு உடல் சார்ந்த காரணம் இருந்தால் மட்டும் விலகுங்கள். 9 மி.மீ. தோட்டா மலிவு, எங்கும் கிடைக்கும், பின்னுதைப்பு மிதமானது, மேகசினிலும் கூடுதலாக அடங்கும். எஃப்.பி.ஐ. அமைப்பே .40 அளவிலிருந்து 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது. .45 வலியது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், இலக்கில் படும் குண்டுதான் பயன்படும், 9 மி.மீ.யில் அதிகம் பேர் விரைவாகவும் சரியாகவும் சுடுகிறார்கள்.

ரிவால்வர் (சுழலும் சிலிண்டரில் தோட்டாக்கள் இருக்கும் வகை) எளிமையானது, சிக்கிக்கொள்ளாது என்று பெண்களுக்கும் முதியோருக்கும் பரிந்துரைக்கும் பழக்கம் இருக்கிறது. இதை நான் ஏற்பதில்லை. ஸ்மித் அண்ட் வெஸன் 642 போன்ற சிறு ரிவால்வர் ஏறத்தாழ 400 கிராம்தான், தோட்டாக்கள் ஐந்தே. விசையை அழுத்த அதிக வலு வேண்டும், குறிகாட்டிகள் மிகச் சிறியவை, .38 ஸ்பெஷல் தோட்டாவின் உதை உள்ளங்கையில் அறையும். இரண்டு சிலிண்டர் சுட்டதும் கீழே வைத்துவிட்டு, இனி இதைத் தொடமாட்டேன் என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூட்டுவாதத்தால் ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதியை) இழுக்கவே இயலாதவர்களுக்கு வேறு வழி உண்டு. ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஇசட் வரிசை மென்மையான சுருள்வில்லோடு வருகிறது, .380 அளவிலும் 9 மி.மீ.யிலும் கிடைக்கிறது.

கையால் இயக்கும் பாதுகாப்புப் பூட்டு வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருந்தால், ஒவ்வொரு பயிற்சியிலும் அதை விலக்கிப் பழக வேண்டும், இல்லையேல் பதற்றத்தில் மறந்துபோகும். இல்லாவிட்டால், விசையை முழுதும் மூடும் உறையும் ஒழுங்கான விரலுமே பாதுகாப்பு. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் எல்லாத் துப்பாக்கிகளிலும் ஒரே முறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

7. கடையில் கையில் எடுத்துப் பொருத்தம் பாருங்கள்

கடைக்காரர் ஸ்லைடைப் பின்னிழுத்துத் திறந்து, காலியென்று காட்டித் தருவார். கையில் பெற்றவுடன் நீங்களும் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் யாருமில்லாத திசையில் பிடியுங்கள். காலித் துப்பாக்கியின் விசையை அழுத்திப் பார்க்க விரும்பினால் அனுமதி கேளுங்கள். அந்த வகைத் துப்பாக்கிக்கு அதனால் கேடு வருமா என்பதை அவர் சொல்வார்.

முதலில் பிடி. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தசை பிடியின் உச்சியில் இடைவெளியின்றிப் படிய வேண்டும். அங்கிருந்து குழல் முன்கையின் நேர்கோட்டில் நிற்க வேண்டும். சிறிய கைகள் விசையை எட்டுவதற்காகப் பிடியைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கின்றன. அப்போது பின்னுதைப்பு முன்கைக்குள் செல்லாமல் கட்டைவிரல் மூட்டில் இறங்கும், குண்டும் பக்கவாட்டில் விலகும். பின்பட்டையை மாற்றும் வசதியுள்ளவற்றில் சிறிய பட்டையைப் பொருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது விசை. சுட்டுவிரலின் முதல் கணுவின் சதைப்பகுதி விசையின் மேல் இயல்பாக அமர வேண்டும். நுனி மட்டும் எட்டினால் துப்பாக்கி பெரிது. விரல் முதல் மடிப்பைத் தாண்டி உள்ளே போனால் சிறிது.

மூன்றாவதாக ஸ்லைடு. இழுக்க முடியவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் குறை வலுவில் அன்று, முறையில்தான். துப்பாக்கியை மார்பருகே கொண்டுவந்து, வாய் முன்னோக்கியே இருக்க, இடது உள்ளங்கையை ஸ்லைடின் பின்பகுதிக்கு மேலே கவிழ்த்துப் பற்றி, வலக்கையால் துப்பாக்கியின் பிடியை முன்னே தள்ளும் அதே கணத்தில் இடக்கையால் பின்னே இழுங்கள். ஸ்லைடின் முன்பாதியைப் பற்றினால் கை குழலின் வாய்க்கு நெருங்கிவிடும் என்பதால் பின்பாதியையே பற்ற வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தபின், இயலாது என்று நம்பியிருந்த பல பெண்கள் அதே இடத்தில் எளிதாக இழுத்தார்கள்.

கடைசியாக, மேகசினை விடுவிக்கும் பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டுகிறதா, இடக்கைக்காரரானால் அதைப் பக்கம் மாற்ற முடியுமா என்று பாருங்கள். நான்கும் பொருந்தும் இரண்டு மூன்று மாதிரிகளைக் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். அன்றே வாங்காதீர்கள். கணவர் மனைவிக்காகத் தேர்ந்தெடுத்து வாங்கிவந்த துப்பாக்கி பொருந்துவது அரிது. பயன்படுத்தப் போகிறவரின் கையே முடிவு செய்யட்டும்.

8. வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்

குறித்துவைத்த மாதிரிகளைப் பயிற்சிக்கூடத்தில் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டாக்கள் சுடுங்கள். முதல் பத்தில் எல்லாமே புதுமையாக இருக்கும். கை சோர்ந்தபின் வரும் கடைசிப் பத்தில்தான் துப்பாக்கியின் குணம் தெரியும்.

காதுக்கு நுரையடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் இரண்டையும் அணியுங்கள். மூடிய கூடத்தில் ஒலி எதிரொலிக்கும். அந்த அதிர்ச்சியையே பலர் பின்னுதைப்பு என்று தவறாக எண்ணி, நல்ல துப்பாக்கியை ஒதுக்கிவிடுகிறார்கள். முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள், ஈயத் துகள் படிந்திருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் தூக்குவதற்கு முன் உடையையும் மாற்றுங்கள்.

7 கஜத்தில் ஒரு காகிதத் தட்டை இலக்காக வையுங்கள். மெதுவாகச் சுடும்போது ஐந்தும் தட்டுக்குள் விழுகின்றனவா என்று பார்த்தபின், வினாடிக்கு ஒன்றாகச் சுட்டுப் பாருங்கள். இரண்டாவது சோதனையில் எது குறைவாகச் சிதறுகிறதோ அதுவே உங்களுக்கு உரியது, விலையும் பெயரும் பிறகு. குண்டுகள் இடப்பக்கம் கீழே கூடிவிழுந்தால் துப்பாக்கியைக் குறைசொல்லாதீர்கள். வலக்கைக்காரர்கள் உதையை எதிர்பார்த்து விசையை வெடுக்கென்று இழுப்பதன் அடையாளம் அது.

9. உறை, இடுப்புப்பட்டை, உடை

மறைத்து எடுத்துச் செல்வதன் வெற்றி துப்பாக்கியைவிட உறையில்தான் இருக்கிறது. ஹோல்ஸ்டர் எனப்படும் இந்த உறை விசைப் பகுதியை விறைப்பான பொருளால் முழுதும் மூட வேண்டும், தலைகீழாகப் பிடித்தாலும் துப்பாக்கி விழக் கூடாது, துப்பாக்கியை எடுத்தபின் உறையின் வாய் சுருங்கக் கூடாது. கைடெக்ஸ் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கில், அந்தந்த மாதிரிக்கென்றே வார்க்கப்பட்டவை இவற்றை நிறைவேற்றுகின்றன. எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் துணி உறைகளில் விசையைத் துணிக்கு வெளியிலிருந்தே அழுத்திவிட முடியும். அவற்றை வாங்க வேண்டாம்.

சாதாரணத் தோல் பட்டை துப்பாக்கியின் கனத்தில் வளைந்து, பிடி உடலிலிருந்து வெளியே சாயும். சட்டைக்கு மேல் தெரிவது பெரும்பாலும் குழலன்று, அந்தப் பிடிதான். விறைப்பான பட்டையும், பிடியை உள்நோக்கி அழுத்தும் சிறு கொக்கி பொருத்திய உறையும் சேர்ந்தால் நடுத்தரத் துப்பாக்கியும் மறையும்.

இடுப்புக்குள் முன்பக்கம் வைப்பதா வலப்பக்கப் பின்புறம் வைப்பதா என்பதை உங்கள் நாள் எப்படிக் கழிகிறது என்பதே தீர்மானிக்கட்டும். நாள் முழுதும் காரில் இருப்பவருக்கு முன்பக்கம் எடுக்க எளிது. நண்பர் வீட்டில் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து சாப்பிடுபவருக்கு முன்பக்கம் வயிற்றில் குத்தும், பின்பக்கமோ குனிந்து எழும்போது சட்டை மேலேறிக் காட்டிக்கொடுக்கும். தழுவி வரவேற்கும் உறவினர்களின் கையும் முதலில் படுவது அங்கேதான். வெளியே எடுத்துச் செல்லுமுன் வீட்டில் இந்த அசைவுகளையெல்லாம் காலித் துப்பாக்கியோடு செய்து பாருங்கள்.

நாடா கட்டும் சுடிதாரும் புடவையும் துப்பாக்கியின் கனத்தைத் தாங்கா. இவற்றை அணிபவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டை ஏற்றது, அதிலும் விசையை மூடும் விறைப்பான ஓடு தனியாகப் பொருத்தியிருக்க வேண்டும். கைப்பையில் வைப்பதைத் தவிருங்கள். கைப்பை நாற்காலியில் மாட்டப்படும், தரையில் வைக்கப்படும், குழந்தை அதற்குள் சாக்லேட் தேடும். புடவை அணியும் நாளில் துப்பாக்கியைப் பெட்டகத்திலேயே விட்டுச் செல்வது மதிக்கத்தக்க முடிவு.

10. வாங்கும் நாள்

கைத்துப்பாக்கியை நீங்கள் வசிக்கும் மாநிலத்து விற்பனையாளரிடமே பெற வேண்டும். வேறு மாநிலத்தில் வாங்கினாலும், உங்கள் மாநிலத்து உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் கைக்கு வரும். தற்போதைய முகவரியுள்ள அடையாள அட்டையும், கிரீன் கார்டு உள்ளவர்கள் அந்த அட்டையும் கொண்டுசெல்லுங்கள். வீடு மாறியபின் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றாமல் போய்த் திரும்பி வருவோர் பலர்.

பின்னணிச் சோதனை சில நிமிடங்களில் முடியலாம், தாமதம் என்ற விடையும் வரலாம். அது மறுப்பு அன்று, பொறுத்திருங்கள். கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருப்பு எல்லோருக்கும் உண்டு. நியூ ஜெர்சியில் வாங்குவதற்கே முன்அனுமதி வேண்டும். அவ்விரு மாநிலங்களிலும் மேகசினில் 10 தோட்டாக்களே வரம்பு.

மற்றொருவருக்காக, அவர் தரும் பணத்தில், உங்கள் பெயரில் வாங்கித் தருவது கடுமையான கூட்டாட்சிக் குற்றம். 2022ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு 15 ஆண்டுவரை சிறை விதிக்கிறது. தனக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை, உங்கள் பெயரில் எடுத்துத் தாருங்கள் என்று நண்பர் கேட்டால், நட்புக்காகவும் இணங்காதீர்கள்.

11. தோட்டாக்களும் நம்பகச் சோதனையும்

பயிற்சிக்கு முழு உலோக உறையிட்ட 115 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் அலகு) தோட்டா போதும். தற்காப்புக்கு ஹாலோ பாயிண்ட் எனப்படும் குழிமுனைத் தோட்டா வேண்டும், 124 அல்லது 147 கிரெயின் எடையில். குழிமுனை உடலுக்குள் விரிந்து வேகம் இழக்கும், உறையிட்டது ஊடுருவி மறுபுறம் வந்து வேறொருவர்மேல் படக்கூடும். எஃப்.பி.ஐ. சோதனையில் உடல்தசையைப் போன்ற ஜெல்லுக்குள் 12 முதல் 18 அங்குலம் செல்வது தகுந்த ஆழம். ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பியர் கோல்ட் டாட் இரண்டும் நெடுங்காலமாக நம்பப்படுபவை. நியூ ஜெர்சியில் குழிமுனைத் தோட்டாவுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளதால் அங்கிருப்பவர்கள் முதலில் விதியைப் படிக்க வேண்டும்.

குழிமுனையேயானாலும் இங்குள்ள வீடுகளின் உட்சுவர் அதை நிறுத்தாது. அரை அங்குல ஜிப்சம் பலகைகள் இரண்டுக்கு நடுவே வெற்றிடம், அவ்வளவுதான் அந்தச் சுவர். ஆகவே ஒருநாள் பகலில், படுக்கையறை வாசலில் நின்று, எந்தத் திசைக்குப் பின்னால் பிள்ளைகளின் அறை இருக்கிறது, எதற்குப் பின்னால் அண்டை வீடு இருக்கிறது என்று பாருங்கள். சுடவே கூடாத திசைகளை முன்கூட்டியே மனத்தில் பதியுங்கள்.

புதிய துப்பாக்கியைத் தற்காப்புக்கு நம்புமுன் 200 பயிற்சித் தோட்டாக்களையும், நீங்கள் தேர்ந்த குழிமுனையில் 50ஐயும் சிக்கலின்றிச் சுட்டு முடிக்க வேண்டும். சில துப்பாக்கிகள் சிலவகைக் குழிமுனையை உள்ளே ஏற்றத் திணறும். அது பயிற்சிக்கூடத்தில் தெரியட்டும்.

பெட்டகத்தருகே கைவிளக்கு ஒன்று கட்டாயம். இருட்டில் வரும் உருவம் தாமதமாக வீடு திரும்பிய மகனாக இருக்கலாம், தண்ணீர் குடிக்க எழுந்த அப்பாவாக இருக்கலாம். துப்பாக்கியில் பொருத்திய விளக்கைக் கொண்டு ஆளைத் தேடாதீர்கள், ஏனெனில் ஒளி விழும் இடமெல்லாம் குழலின் வாயும் சேர்ந்தே திரும்புகிறது. ஒலி கேட்டால் குடும்பத்தை ஓர் அறைக்குள் சேர்த்து, கதவைப் பூட்டி, 911ஐ அழைத்து, அங்கேயே இருப்பதுதான் திட்டமாக இருக்க வேண்டும். வீட்டைச் சுற்றித் தேடுவது காவலர் வேலை.

12. வீட்டிலேயே பழகிய பின்பு வெளியே

முதல் சில வாரங்கள் காலித் துப்பாக்கியை உறையில் வைத்து வீட்டுக்குள் நடமாடுங்கள். குனியுங்கள், மாடி ஏறுங்கள், காரில் ஏறி இறங்குங்கள். நாளின் முடிவில் விசை ஒருமுறையும் தானாக அழுந்தவில்லை என்று காணும்போது உறையின் மீது நியாயமான நம்பிக்கை பிறக்கும்.

காலியாக்கும் வரிசையை மாற்றவே கூடாது. முதலில் மேகசினை வெளியே எடுக்க வேண்டும், அதன்பிறகே ஸ்லைடைப் பின்னிழுத்துக் குழலறையில் உள்ள தோட்டாவை வெளியேற்ற வேண்டும், பிறகு ஸ்லைடைத் திறந்து நிறுத்திக் கண்ணாலும் விரலாலும் அறையைச் சோதிக்க வேண்டும். ஸ்லைடை முதலில் இழுத்தால், மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். பிறகு மேகசினை எடுத்துவிட்டுக் காலியென்று நம்பி விசையை அழுத்துபவர்களின் வீட்டுக் கூரையில் துளை விழுகிறது, சில வீடுகளில் அதைவிடக் கொடியது நேர்கிறது.

உறைக்குள் திரும்ப வைக்கும்போது அவசரம் வேண்டாம். சட்டை நுனியோ கயிற்று முடிச்சோ விசைக்குள் சிக்கினால் துப்பாக்கி வெடிக்கும். உறையைக் கண்ணால் பார்த்து, துணியை விலக்கி, மெதுவாக வையுங்கள். வாய்ப்பிருந்தால் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காமல், உறையோடு சேர்த்தே கழற்றிப் பெட்டகத்தில் வைப்பது இன்னும் நல்லது. ஒரே தோட்டாவை நாள்தோறும் ஏற்றி இறக்கினால் குண்டு தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் அழுந்தி, சுடும்போது ஆபத்தான அழுத்தத்தை உண்டாக்கும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

13. எங்கே எடுத்துச் செல்லக் கூடாது

அஞ்சலகம், கூட்டாட்சி அலுவலகங்கள், நீதிமன்றம், பள்ளிக் கட்டடம், விமான நிலையப் பாதுகாப்பு எல்லை ஆகியவற்றில் எந்த மாநிலத்திலும் கவனம் தேவை. குடியேற்ற நேர்காணலுக்குச் செல்லும் கட்டடமும் கூட்டாட்சி அலுவலகம்தான். டெக்சஸில் தனியார் இடங்களின் வாசலில் துப்பாக்கியோடு நுழைவதைத் தடுக்கும், 30.05, 30.06, 30.07 என்ற சட்டப்பிரிவு எண்களைக் குறிக்கும் பலகைகள் உள்ளனவா என்று பாருங்கள். மதுக்கடைகளில் சிவப்பில் 51 சதவீதம் என்று எழுதியிருந்தால் உள்ளே கொண்டுபோவது குற்றம். காவலர் நிறுத்தி அடையாளம் கேட்கும்போது, ஓட்டுநர் உரிமத்தோடு எல்.டி.சி. அட்டையையும் சேர்த்துக் காட்டுங்கள், கைகளை ஸ்டியரிங்மேல் வையுங்கள்.

டெக்சஸ் உரிமத்தை இல்லினாய், கலிஃபோர்னியா, நியூ யார்க் போன்ற மாநிலங்கள் ஏற்பதில்லை. காரில் நெடும்பயணம் போகுமுன் வழியில் உள்ள ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் பாருங்கள்.

இந்தியப் பயணத்துக்கென்று ஒரு விதியை எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும்: பயிற்சிக்கூடத்துக்கு எடுத்துச் செல்லும் பை வேறு, பயணப் பை வேறு. பையின் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலையத்தின் எக்ஸ்ரேயில் தெரிந்தால், ஆயுதச் சட்டம் 1959இன் கீழ் கைதும் வழக்கும் வரக்கூடும், பயணம் அங்கேயே நின்றுபோகும். பயிற்சிக்கென்று தனிநிறத்தில் ஒரு பையை வாங்கி, அதை வேறெதற்கும் தராதீர்கள். கிளம்புமுன் மேலங்கியின் பைகளையும் மடிக்கணினிப் பையின் உள்ளறைகளையும் கவிழ்த்து உதறிப் பாருங்கள். வீட்டில் தங்கப்போகிறவர்களிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன் பெட்டகத்தின் எண்ணை மாற்றிவிடுங்கள்.